உளி ஏன் கவ்வுகிறது? கடைசல் பழகுவோரின் கேள்விகளும் பதில்களும்

பல்கனியில் சின்ன லேத் (மரத்தைச் சுழற்றும் கடைசல் இயந்திரம்) ஒன்று வைத்துக் கடைசல் பழக ஆசை. பழையது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பழகுவதற்கு மினி லேத் போதும். 10 அங்குல விட்டம் வரை சுழலக்கூடியது, இரு முனைகளுக்கும் இடையே 18 அங்குலம், அரைக் குதிரைவலு மோட்டர் என்றால் நல்லது. மத்து, ரொட்டி உருட்டும் கட்டை, பம்பரம், சம்பல் கிண்ணம் எல்லாம் அதில் அடங்கும். மேசைக்கால் அடங்காது.

பழையது என்றால் முதலில் டெயில்ஸ்டொக்கை (மரத்தின் மறுமுனையைத் தாங்கும் நகரும் பகுதி) தள்ளிக்கொண்டு போய், அதன் முள்ளை ஹெட்ஸ்டொக்கின் (மரத்தைச் சுழற்றும் பகுதி) முள்ளோடு முட்டவையுங்கள். நுனியும் நுனியும் நேராகச் சந்திக்காவிட்டால் வாங்க வேண்டாம். அடுத்து, சுழலும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் பெயரிங் போய்விட்டது. அது மாற்றக்கூடியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். தண்டின் மரையையும் பாருங்கள். 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 மரை என்பது சின்ன லேத்துகளில் பரவலாக உள்ள அளவு, அதற்குச் சக் (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் கருவி) கிடைக்கும். ஏதோ ஒரு விசித்திர அளவென்றால் பிறகு சக் தேடியே அலுத்துப்போவீர்கள்.

தண்டின் மையம் உங்கள் முழங்கை உயரத்தில் வருமாறு மேசையை அமையுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு இரும்பு ஒரே வாரத்தில் துரு காட்டும். வேலை முடிந்ததும் லேத்தின் படுக்கையில் (டெயில்ஸ்டொக் நகரும் இரும்புத் தளம்) மெழுகு தடவி விடுங்கள். கையில் உள்ள காசு முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். உளியும் சாணையும் இல்லாத லேத்தால் ஒரு பயனும் இல்லை.

ஸ்கியூ உளியால் சீவிக்கொண்டு போகையில் திடீரென்று ‘டக்’ என்று கவ்வி, மரத்தில் சுருளாக ஒரு பள்ளம் விழுகிறது. கை பழகவில்லையா, உளி கூர் இல்லையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பெரும்பாலும் இரண்டும் இல்லை. உளியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், எந்தப் பகுதி மரத்தில் படுகிறது என்பதுதான் கேள்வி.

மரம் மேலிருந்து கீழே உங்களை நோக்கிச் சுழல்கிறது. அந்த வேகத்தை இரண்டு இடங்கள் தாங்க வேண்டும்: ஒன்று உளித்தாங்கி, மற்றது வாய்க்குப் பின்னால் தீட்டிய சரிவு. சரிவு மரத்தில் உரசிக்கொண்டிருக்கும்வரை வாய் ஆழமாக இறங்காது. சரிவு விலகி வாய் மட்டும் தொட்டால், மரமே உளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்கியூவின் வாய் சாய்வானது. மேலே கூர்மூலை, கீழே மழுங்கிய மூலை. வாயின் கீழ்ப்பாதியால் மட்டும் சீவுங்கள். வெட்டும் இடம் நடுவைத் தாண்டி மேலே ஏறியதும் கூர்மூலை மாட்டிக்கொள்ளும். அந்தச் சுருள் பள்ளம் அப்படி வந்ததுதான்.

தொடங்கும் ஒழுங்கு இது. முதலில் உளி தாங்கியில் உட்கார வேண்டும். அடுத்து, கைப்பிடியைத் தாழ்த்தி, வெட்டாமல் சரிவை மட்டும் மரத்தில் உரசவிடுங்கள். கடைசியாகக் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் மெல்லிய சுருள் வரத் தொடங்கும். அங்கேயே நிறுத்தி, அந்தக் கோணத்தை மாற்றாமல் பக்கவாட்டில் நகருங்கள். தூள் பறந்தால் நீங்கள் சீவவில்லை, சுரண்டுகிறீர்கள். எப்போதும் தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்குப் போக வேண்டும். எதிர்த்துப் போனால் நாரின் நுனி எழும்பி உளியைப் பிடிக்கும்.

தாங்கிக்கும் மரத்துக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றர். மரம் மெலியமெலிய இடைவெளி கூடும், உளியும் நெம்புகோல் போலத் துள்ளும். லேத்தை நிறுத்திவிட்டுத்தான் தாங்கியைக் கிட்டக் கொண்டுவர வேண்டும். தாங்கியின் மேல்விளிம்பில் சின்ன வடு இருந்தாலும் உளி அங்கே தடுக்கும். அரத்தால் ஒருமுறை இழுத்து விடுங்கள்.

பயம் போகும்வரை ஓர் உபாயம்: பல்லுள்ள முள்ளுக்குப் பதிலாக, வட்ட விளிம்பும் நடுவில் ஊசியும் கொண்ட முள்ளைப் போட்டு, டெயில்ஸ்டொக்கை இலேசாக மட்டும் இறுக்குங்கள். உளி கவ்வினால் மரம் வழுக்கி நின்றுவிடும், பள்ளம் விழாது.

கைவசம் ரஃபிங் கௌஜ் (சதுரக் கட்டையை உருளையாக்கும் உளி) ஒன்றுதான் உண்டு. அதனாலேயே கிண்ணமும் கடையலாமா?
– வாசகர், தெமட்டகொட

கூடாது. அந்த உளி கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய தட்டைக் கம்பியாகிவிடும். கிண்ணத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நாரின் வெட்டுமுகம் இரண்டு தடவை வந்து மோதும்; கவ்வினால் அந்தக் கழுத்து முறிந்து முகத்துக்கு வரும். கிண்ணத்துக்கு முழு உருண்டைக் கம்பியில் செய்த ‘போல் கௌஜ்’ (கிண்ண உளி) வேண்டும்.

எந்த மரத்துக்கு எந்த வேகம்?
– வாசகர், தெஹிவளை

விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6000 முதல் 9000 வரை வரட்டும். 8 அங்குலக் கிண்ணத்துக்கு 750 முதல் 1100 வரை. இது உருண்டையாகிச் சமநிலைக்கு வந்த மரத்துக்கான கணக்கு. கோணலான கட்டையை 400, 500இல் தொடங்குங்கள். சுவிட்சைப் போடுமுன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். போடும்போது மரத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். முகமூடிக் கண்ணாடி கட்டாயம். கையுறை, துப்பட்டா, தொங்கும் கைப்பட்டி எதுவும் ஆகாது.

மொறட்டுவை மரக்காலையில் வாங்கிய பலாக் கட்டையில் கிண்ணம் கடைந்தேன். பத்து நாளில் வெடித்துவிட்டது.
– வாசகி, கல்கிசை

பச்சை மரம். உலரும்போது மரம் ஆண்டு வளையத்தின் வழியே சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நடுச்சோற்றி (மரத்தின் நட்டநடுவிலுள்ள மென்பகுதி) கட்டைக்குள் இருந்தால் அந்த இழுவைக்கு வெடிப்பைத் தவிர வழியில்லை. கட்டையைச் சோற்றியோடு நெடுக இரண்டாகப் பிளந்து, சோற்றியை நீக்கிவிட்டுக் கடையுங்கள்.

இரண்டு தடவையாகச் செய்வது உத்தமம். முதல் தடவை சுவரின் தடிப்பு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு: 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். நாரின் வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, பழைய கடதாசிப் பையில் போட்டு, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றபின்தான் இரண்டாவது கடைசல். கொழும்பின் ஈரக்காற்றில் மாதங்கள் எடுக்கும், அவசரப்பட்டு வெயிலில் வைக்காதீர்கள். காத்திருக்க மனமில்லாவிட்டால் தளபாடப் பட்டறைகளில் மிஞ்சும் உலர்ந்த மகோகனித் துண்டுகளைக் கேளுங்கள். பழகுவதற்கு அதைவிட இணக்கமான மரம் இல்லை. தேக்கும் நல்லதுதான், ஆனால் உளியை விரைவில் மழுக்கும். முதிரையின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். மாஸ்க் இல்லாமல் தொடாதீர்கள்.

ஒல்லாந்தர் காலத்துப் பாணிக் கதிரைகளில் கயிறு முறுக்கியதுபோல் கால் இருக்கிறதே, அதற்கு என்ன உளி?
– வாசகர், கொள்ளுப்பிட்டி

கையால் செய்யும்போது லேத்தின் பங்கு பாதிதான். முதலில் நேரான உருளையாகக் கடைந்து, நெடுக்காக 4 கோடுகளைச் சம இடைவெளியில் இழுக்க வேண்டும். ஒற்றை முறுக்குக்கு ஒரு சுற்றின் நீளம் உருளையின் விட்டத்தளவு இருந்தால் பார்வைக்கு அழகு. அந்த நீளத்தை நாலாகப் பிரித்து வளையக் கோடுகள் போட்டால் உருளை முழுவதும் கட்டங்களாகும். கட்டத்தின் மூலைவிட்டம் வழியே கடதாசி நாடாவைச் சுற்றிக் கோடு வரைந்தால் முறுக்கு கிடைக்கும். இதன் பிறகு மோட்டர் ஓடக்கூடாது, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். லேத் இனி வெறும் பிடிப்பான். வாளில் ஆழத்துக்கு அடையாளமாக டேப் ஒட்டி, கோட்டின் வழியே அறுத்து, செதுக்குளியால் அகட்டி, உருண்டை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும்.

உணவு வைக்கும் கிண்ணத்துக்குத் தேங்காயெண்ணெய் பூசலாமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பூசலாம், ஆனால் அது காய்ந்து இறுகாது. நாள்பட்டால் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் இறுகும். மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான லிக்விட் பரபினில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கிப் பூசினால் வாடை வராது, மங்கும்போது மறுபடி பூசிக்கொள்ளலாம். அதற்குமுன் 120, 180, 240, 320 என்று வரிசை தப்பாமல் சாண்ட் பேப்பர் போடுங்கள். அப்போது தாங்கியைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரல் நடுவில் சிக்கும். 120இன் கீறலை 320 அழிக்காது. எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள்.