வெண்கல மைக்கூட்டுக்குப் புளி போடலாமா?

கேள்வி: துரை பங்களாவைக் காலி செய்தபோது பழைய மைக்கூடு ஒன்று வாங்கினேன். நடுவில் படுத்திருக்கும் வேட்டை நாய், இரு பக்கமும் மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணம். அசல் வெண்கலம்தானா? நாயின் காலிடுக்கில் பச்சைத் தூள் இருக்கிறது. குத்துவிளக்கு மாதிரி புளி, உப்பு போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: புளியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அந்தக் கரும்பழுப்பு நிறம் பட்டறையிலேயே ரசாயனமும் சூடும் கொடுத்து ஏற்றியது. புளி அதை உரித்துவிடும். பொருளின் மதிப்பில் பாதி அந்த நிறத்தில்தான் இருக்கிறது. உப்பு இன்னும் மோசம், அதிலுள்ள குளோரைடு வெண்கலத்தை உள்ளிருந்தே அரிக்கும். பிராசோ போன்ற மெருகுத் திரவமும் வேண்டாம்.

முதலில் உலோகம். 19-ஆம் நூற்றாண்டில் துத்தநாகக் கலவையில் வார்த்து வெண்கல நிறம் பூசிய மலிவு உருவங்கள் ஐரோப்பாவில் ஏராளமாக வந்தன. 'ஸ்பெல்டர்' என்பது அதுதான். மைக்கூட்டைக் கவிழ்த்து, கண்ணில் படாத உள்விளிம்பில் ஊசியால் மெல்லக் கீறுங்கள். சாம்பல் வெள்ளை தெரிந்தால் ஸ்பெல்டர். பொன்மஞ்சளோ செம்மஞ்சளோ என்றால் செம்புக் கலவை. பித்தளையும் இப்படித்தான் தெரியும், ஆனால் ஸ்பெல்டர் இல்லை என்று நிம்மதியாகலாம். அடியில் நட்சத்திரப் பிளவுத் (பிலிப்ஸ்) திருகாணி இருந்தால் சந்தேகப்படுங்கள்: அது 1930-களில்தான் வந்தது. பின்னால் பழுது பார்த்ததாகவும் இருக்கலாம்.

இனி பச்சை. வழவழப்பாக ஒட்டியிருக்கும் கரும்பச்சையால் தொல்லையில்லை. தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சைதான் நோய். மரப் பல்குச்சியால் சுரண்டி, மென்மையான உலர்ந்த தூரிகையால் துடைத்து, சில நாள் கவனியுங்கள். மறுபடி பூத்தால் குளோரைடு உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடும். அந்த அரிப்பு அடங்க 40-க்குக் கீழே வர வேண்டும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட் (ஈரத்தைக் குறைக்கும் பெட்டி) சிறந்தது. இல்லையென்றால் இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும், சின்ன ஈரப்பத மானியும் போதும்.

கண்ணாடிக் கிண்ணம் மையில் இறுகிப்போயிருந்தால் நெம்ப வேண்டாம், விளிம்பு தெறிக்கும். சொட்டுக் குழாயால் கிண்ணத்துக்குள் மட்டும் தண்ணீர் விட்டு ஓர் இரவு வையுங்கள். பழைய இரும்பு மை அமிலம் மிக்கது. உலோகத்தில் வழிந்தால் உடனே ஒற்றி எடுங்கள்.

கேள்வி: என் மைக்கூட்டின் அடியில் இரு கைப்பிடிச் சாடிக்குள் 'பி' (B) என்ற எழுத்து.
– வாசகி, தாப்பா

பதில்: வியன்னாவின் ஃபிரான்ஸ் பெர்க்மன் பட்டறை முத்திரை அது. போலியிலும் அதே முத்திரை குத்துவதால், வார்ப்பின் நுணுக்கத்தைப் பாருங்கள்: இறகும் ரோமமும் கூர்மையாக இருக்க வேண்டும். அந்தப் பட்டறையின் வண்ணங்கள் சூடேற்றாமல் பூசப்பட்டவை. அசிட்டோனோ ஸ்பிரிட்டோ பட்டால் கரைந்துவிடும். உலர்ந்த தூரிகை மட்டும் போதும்.