திறமூல மென்பொருளோடு இயங்கும் பொருளின் பெட்டியில் அந்த மென்பொருளின் பெயரையும் லோகோவையும் போடலாமா?

பெயரைப் போடலாம். லோகோவை அனுமதி இல்லாமல் போடக் கூடாது. ‘சான்று பெற்றது’ என்பதைச் சான்று வாங்கிய பிறகுதான் போடலாம். இந்த மூன்றையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு, அம்பத்தூரில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டியவன் நான்.

எங்களுடையது சின்ன யூனிட். விளக்கையும் மின்விசிறியையும் வைஃபையில் இயக்கும் சுவிட்ச் பலகை செய்கிறோம். உள்ளே ஓடுவது ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருள்; வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதோடு இணைத்துக்கொள்ளலாம். இரண்டுமே திறமூலம், அதாவது நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ‘மென்பொருளையே சும்மா கொடுத்துவிட்டார்கள், படத்துக்கா கணக்குப் பார்க்கப் போகிறார்கள்’ என்று முதல் பெட்டியிலேயே ஹோம் அசிஸ்டன்ட் லோகோவைப் பெரிதாகப் போட்டு, பக்கத்தில் ‘சர்ட்டிஃபைடு’ என்றும் சேர்த்தோம். சிவகாசியிலிருந்து 2,000 பெட்டி வந்து இறங்கியது. சரக்கை எடுக்க வந்த விநியோகஸ்தர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சர்ட்டிஃபிகேட்டைக் காட்டுங்க சார்” என்றார். காட்ட எங்களிடம் என்ன இருந்தது?

அன்றைக்குத்தான் உரிமத்தை முழுதாகப் படித்தேன். ஹோம் அசிஸ்டன்ட் வெளிவருவது அப்பாச்சி 2.0 உரிமத்தில். நிரலை எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்று தாராளமாகச் சொல்லிக்கொண்டே வரும் அது, 6-ஆம் பிரிவில் வணிகப் பெயரையும் டிரேட்மார்க்கையும் பயன்படுத்த அனுமதி தரவில்லை என்று சொல்லிவிடுகிறது. நிரல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அளவுக்கு மட்டுமே விலக்கு. இன்னொரு திறமூல உரிமமான ஜிபிஎல் 3-லும் டிரேட்மார்க் உரிமையைத் தர மறுக்கலாம் என்று 7-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய பண்டத்துக்கு, ‘இது எங்களிடமிருந்து வந்தது’ என்று காட்ட மிஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் டெபியன்காரர்களுக்கும், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைச் செய்யும் மொசில்லாவுக்கும் இதில்தான் சிக்கல் வந்தது. அதனால் டெபியனில் ஃபயர்ஃபாக்ஸ் 2006 முதல் 2016 வரை ‘ஐஸ்வீசல்’ என்ற பெயரில் ஓடியது.

சரி, அப்படியானால் பெயரையே உச்சரிக்கக் கூடாதா? அப்படி இல்லை. பாத்திரக் கடையில் கேஸ்கெட் வாங்கும்போது பார்த்திருப்பீர்கள்: ‘இன்ன குக்கருக்குப் பொருந்தும்’ என்று போட்டிருக்கும். நம் 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டம், 30(2)(d) பிரிவில் இதற்கு வழி விட்டிருக்கிறது. உங்கள் பொருள் இன்னொரு பொருளோடு சேர்ந்து இயங்குவதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்ல அந்தப் பெயர் நியாயமாகத் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம்; ஆனால் அவர்களோடு இல்லாத வியாபாரத் தொடர்பை இருப்பதுபோல் காட்டக் கூடாது. குக்கர் கம்பெனியின் லோகோவைப் பெரிதாக அச்சடித்த கேஸ்கெட் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ‘ஹோம் அசிஸ்டன்டோடு இயங்கும்’ என்று சாதாரண எழுத்தில், உங்கள் பிராண்டைவிடச் சின்னதாகப் போடுவது ஒரு விஷயம். பொருளுக்கே ‘ஹோம் அசிஸ்டன்ட் சுவிட்ச்’ என்று பெயர் வைப்பது முற்றிலும் வேறு விஷயம். ஈஎஸ்பிஹோம்காரர்கள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: பொருளின் பெயரில் ஈஎஸ்பிஹோம் வரக் கூடாது, கடைசியில் ‘ஃபார் ஈஎஸ்பிஹோம்’ என்று முடிந்தால் மட்டும் பரவாயில்லை.

அப்புறம் சான்று. ‘வொர்க்ஸ் வித் ஹோம் அசிஸ்டன்ட்’ என்பது ஹோம் அசிஸ்டன்டின் பின்னால் இருக்கும் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு நடத்தும் சான்றுத் திட்டம். கருவியை அவர்களே சோதித்துப் பார்த்து, பிறகுதான் முத்திரையைப் போட விடுகிறார்கள். இணையம் துண்டிக்கப்பட்டாலும் வீட்டுக்குள்ளேயே இயங்க வேண்டும் என்பது அவர்கள் பெரிதாகப் பார்க்கும் விஷயம். ஒரு மாடலுக்கு வாங்கியதைக் கடையில் இருக்கும் எல்லா மாடலிலும் குத்த முடியாது. ஐஎஸ்ஐ முத்திரை மாதிரிதான். சர்வர்களில் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் என்ற திறமூல மென்பொருள் பக்கம் போனால் சான்றுக்கு ஆயுளும் உண்டு, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதனால் ‘சர்ட்டிஃபைடு’ என்று எழுதும் முன் யார் சோதித்தது, எந்த மாடல், எந்தப் பதிப்பு என்று மூன்றுக்கும் கையில் பதில் இருக்கட்டும்.

எங்கள் கதை முடிந்தது இப்படி: லோகோவையும் ‘சர்ட்டிஃபைடை’யும் மறைத்து வெள்ளை ஸ்டிக்கர். அதன்மேல், “ஹோம் அசிஸ்டன்டோடு இயங்கும். அந்தத் திட்டத்தோடு எங்களுக்கு நிறுவனத் தொடர்பு எதுவும் இல்லை” என்று இரண்டு வரி. மைத்துனனைக் கூப்பிட்டேன், பரோட்டா வாங்கிக் கொடுத்து ஒட்ட வைத்தேன். விநியோகஸ்தர் சரக்கை எடுத்துக்கொண்டார்.

நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். அந்தத் திட்டத்தின் டிரேட்மார்க் கொள்கையைப் படியுங்கள். பெரிய திட்டங்கள் பலவும் எதற்கு அனுமதி தேவையில்லை என்பதையும் அதிலேயே எழுதியிருக்கும். பிறகு டிரேட்மார்க் பதிவகத்தின் இணையத் தேடலில், மென்பொருளும் மின்னணுக் கருவிகளும் வரும் 9-ஆம் வகுப்பில் அந்தப் பெயரைத் தேடுங்கள். காசு கிடையாது, கிண்டி ஆபீஸுக்கு நேரில் போகவும் வேண்டாம். தேடலில் வரவில்லை என்பதற்காக லோகோவை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். பதிவு செய்யாத குறிக்கும் நம் ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.