குளியலறைச் சுவரில் கழன்று விழும் டைல்கள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எங்கள் வீடு கட்டி 15 ஆண்டுகள் ஆகின்றன. தரைத்தளக் குளியலறையில், குழாய்க்குப் பக்கத்தில் இருந்த சுவர் டைல் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. அதற்கு அடுத்ததில் விரிசல் ஓடியிருக்கிறது. சுற்றிலும் தட்டிப் பார்த்தால் சில டைல்கள் பொள்ளலாகச் சத்தம் தருகின்றன. இவ்வளவு சிறிய வேலைக்குக் கொத்தனார் யாரும் வர மறுக்கிறார்கள். வெள்ளை சிமெண்டைக் குழைத்து நாங்களே ஒட்டிவிடலாமா?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் வெள்ளை சிமெண்ட் வேண்டாம். உடனே ஒட்டவும் வேண்டாம். விழுந்த டைலைத் திருப்பி அதன் முதுகுப் பக்கத்தையும், அது இருந்த இடத்தில் சுவரையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். டைல் எதனால் விழுந்தது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். காரணத்தைச் சரிசெய்யாமல் ஒட்டிய டைல் மறுபடியும் விழத்தான் செய்யும்.

முதுகின் நடுவில் மட்டும் கொழுக்கட்டை அளவுக்குக் கலவை ஒட்டியிருந்து, நான்கு மூலைகளும் வெறுமையாக இருந்தால், பதித்தபோது கலவையைப் பரவலாகத் தடவவில்லை என்று பொருள். அந்த வெற்றிடத்தில், டைல்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளின் வழியாக இறங்கும் தண்ணீர் தேங்கி, பிடிப்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்திவிடும். முதுகு துடைத்தது போலச் சுத்தமாக இருந்தால், பதித்தது விட்ரிஃபைடு டைலாக இருக்கலாம். அந்த வகை டைல் தண்ணீரை அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், வெறும் சிமெண்ட் பால் அதில் வேர்பிடிப்பதில்லை. சாதாரண செராமிக் சுவர் டைலோ பத்து விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சக்கூடியது.

சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது உப்பு. கடலை ஒட்டிய உங்கள் பகுதியில், குறிப்பாகத் தரைத்தள வீடுகளில், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது சுவரில் ஓதம் ஏறுகிறது. ஈரம் காயும் இடத்தில் உப்புப் படிகங்கள் வளர்ந்து டைலைப் பின்னாலிருந்து தள்ளுகின்றன. கீழ் இரண்டு வரிசைகள் மட்டும் தளர்ந்திருந்தால் இதற்கான வாய்ப்பு அதிகம். அப்படியானால் உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாக உலரவிட்டு, ஈரத்தடுப்பு செய்து மறுபூச்சுப் பூச வேண்டும். அதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது.

சுவர் எப்போதும் ஈரமாக இருந்தால் உள்ளே குழாய் கசிகிறதா என்று பாருங்கள். இரவில் மேல்நிலைத் தொட்டிக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, மட்டத்தைக் குறித்துக்கொண்டு, விடியும் வரை வீட்டில் யாரும் தண்ணீர் புழங்காமல் இருங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பிளம்பர் வந்து போன பிறகுதான் டைல் வேலை.

இவை எதுவும் இல்லை, பிடிப்புதான் போதவில்லை என்று தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். ஹீட்டர் இணைப்பின் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம், ஏனென்றால் உடையும் டைலின் சில்லு கத்தியைப் போலக் கிழிக்கும். குழாய், ஷவர், ஹீட்டர் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் சுவருக்குள் குழாயோ வயரோ ஓடக்கூடும். அங்கே துளை போடாதீர்கள். விரிசல் விட்ட டைலைச் சுற்றியுள்ள இணைப்புப் பூச்சை முதலில் சுரண்டி எடுத்துவிட்டால், அடி பக்கத்து டைலுக்குப் பரவாது. பிறகு நடுவில் துளையிட்டு, உளியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பெயர்த்து எடுங்கள். பொள்ளலாக இருந்தும் உடையாத டைலுக்கு இவ்வளவு தேவையில்லை. நான்கு பக்கமும் இணைப்பைச் சுரண்டிவிட்டு மெல்லிய பட்டியால் நெம்பினால் பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடும். அதன் முதுகைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பப் பதிக்கலாம்.

சுவரில் பழைய கலவையைப் புதிய பசைக்கு இடம் கிடைக்கும் அளவுக்குக் கொத்தி எடுக்காமல் விட்டால் டைல் துருத்திக்கொண்டு நிற்கும். பசை சுமார் 3 முதல் 6 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். தூசியை முழுவதும் துடைத்தெடுங்கள். டைல் பசை வாங்கும்போது, செராமிக்குக்கா விட்ரிஃபைடுக்கா, ஈரமான இடத்துக்கு உகந்ததா என்று கேட்டு வாங்குங்கள். சிமெண்டில் பதிக்கும் செராமிக் டைலைத் தண்ணீரில் ஊறப்போடுவது நம் ஊர் வழக்கம். பசையில் பதிப்பதை ஊறவைக்கக் கூடாது. பல்லுள்ள கொத்தனார் கரண்டியால் பசையைச் சுவரில் கோடுகோடாக இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகத் தடவி, அழுத்திப் பதியுங்கள். முதல் டைலை உடனே ஒருமுறை பெயர்த்துப் பாருங்கள்: மூலைகள் உட்பட முதுகு முழுவதும் பசை பிடித்திருந்தால் உங்கள் கை சரியாக வேலை செய்கிறது என்று நம்பலாம்.

இணைப்புகளை 24 மணி நேரம் கழித்து நிரப்புங்கள். வெள்ளை சிமெண்ட் சுருங்கி விரிசல் விடுவதால்தான் வேண்டாம் என்றேன். எபாக்சி கிரவுட் (பிசின் கலந்த இணைப்புப் பூச்சு) விலை கூடுதல் என்றாலும் தண்ணீரை உறிஞ்சாது. குழாய்ப் பக்கத்துச் சுவருக்கு அந்தச் செலவு தகும். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட்டுக்குப் பதிலாக சிலிக்கோன் சீலன்ட் (ரப்பர் போன்ற அடைப்புப் பசை) இடுங்கள், ஏனென்றால் அங்கே ஏற்படும் சிறு அசைவுக்கு நெகிழ்ந்து கொடுப்பது அதுதான். பொள்ளல் பாதிச் சுவருக்குப் பரவியிருந்தாலோ, தலைக்கு மேலே பல டைல்கள் சேர்ந்து வெளியே உப்பியிருந்தாலோ நீங்கள் தொடவே வேண்டாம். குழந்தைகளையும் அங்கே குளிக்க விடாதீர்கள்.

கேள்வி: உடைந்த டைலுக்கு ஜோடி கிடைக்காமல் புதுச்சேரியில் பல கடைகள் ஏறி இறங்கிவிட்டேன். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: கிடைப்பது அரிது. டைல் ஆலைகள் நிறைந்த குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் வடிவங்கள் விரைவில் மாறிவிடுகின்றன. அதே வடிவம் கிடைத்தாலும் சூளைக்குச் சூளை நிறம் சற்று வேறுபடும். கதவுக்குப் பின்னாலோ உச்சி வரிசையிலோ உள்ள தளர்ந்த டைலை எடுத்து, கண்ணில் படும் இடத்தில் பதித்துவிட்டு, அந்த மறைவிடத்தில் புதியதை வைக்கலாம். வரிசை முழுவதையும் எடுத்துவிட்டு வேறு நிறத்தில் பட்டையாக ஓடவிடுவதும் நன்றாக இருக்கும். எனக்கு இதுவே பிடித்தமானது. எப்படிச் செய்தாலும் புதிய டைலின் கனத்தைப் பழைய துண்டோடு வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கேள்வி: இணைப்புகளில் கறுப்பு படிந்திருக்கிறது. வாராவாரம் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறோம். மணல் போல ஏதோ உதிர்கிறது. ஏன்?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உதிர்வது உங்கள் இணைப்புப் பூச்சேதான். கடைகளில் விற்கும் ஆசிட் பெரும்பாலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது சிமெண்டைக் கரைக்கும். ஒவ்வொரு முறையும் கறையோடு பூச்சும் போகிறது, அந்தத் துளைகளின் வழியே தண்ணீர் டைலுக்குப் பின்னால் இறங்குகிறது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். சோப்புத் தூள் கரைசலும் நைலான் பிரஷும் போதும். பூஞ்சை போகவில்லை என்றால் நீர்த்த பிளீச்சை, ஜன்னலைத் திறந்துவைத்து, தனியாகப் பயன்படுத்துங்கள். ஆசிட்டும் பிளீச்சும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தான குளோரின் வாயு வெளிவரும் என்பதால், ஆசிட் பட்ட சுவரை நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அன்றைக்கு அப்படியே விட்டுவிட்டு, மறுநாள் பிளீச்சை எடுங்கள். உதிர்ந்த இணைப்புகளைச் சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, மறுபடி நிரப்பிவிடுங்கள்.