ரைட் சகோதரர்களின் விமானத்தை வீட்டிலேயே காகிதத்தில் செய்ய முடியுமா?

பத்து வயது மகனோடு பள்ளி விடுமுறையில் 1903ஆம் ஆண்டு விமானத்தை அளவு பிசகாமல் காகிதத்தில் செய்ய முடியுமா, எங்கே கவனம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு மேசையில் நானும் மகளும் செய்தோம். 1:48 அளவு எடுங்கள். 12.3 மீட்டர் இறக்கை 25.6 சென்டிமீட்டராகிவிடும், ஏ4 தாளில் நீளவாக்கில் அப்படியே அடங்கும்.

இறக்கையை வெட்டும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட 4 அங்குலம் நீளம். ஓட்டுபவர் நடுவுக்கு இடப்புறம் குப்புறப் படுத்திருப்பார், எஞ்சின் வலப்புறம் இருக்கும். எஞ்சின் அவரைவிடப் பாரம். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் கூடுதல் நீளம். நம் அளவில் அது 2 மில்லிமீட்டர். "அப்பா, ஒரு பக்கம் பிழையா வெட்டிப்போட்டீங்கள்" என்றாள் மகள். காரணத்தைச் சொன்னதும் அடிமட்டத்தை எடுத்துத் தானே அளந்து பார்த்தாள். அந்த 2 மில்லிமீட்டரை விட்டுவிட்டால், அந்தச் சகோதரர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதே மாதிரியில் இல்லாமல் போய்விடும்.

பின்னால் உள்ள இரண்டு விசிறிகளும் எதிரெதிராகச் சுற்றுபவை. அதற்காக எஞ்சினிலிருந்து விசிறிகளுக்குப் போகும் சங்கிலிகளில் ஒன்றை 8 போலக் குறுக்கே போட்டிருந்தார்கள். கறுப்பு நூலில் அதையும் காட்டுங்கள். விசிறிகளின் முறுக்கும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கட்டும்.

சரி, கொழும்பு ஈரத்துக்கு வருவோம். இறக்கைகளுக்கு இடையில் இழுத்துக் கட்டும் கம்பிகளுக்கு முதலில் தையல் நூல் போட்டோம். மே மாத மழையில் தாள் நெளிந்து நூல் தொய்ந்துவிட்டது. அப்புறம் மெல்லிய தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) போட்டோம், நின்றது. தூண்களுக்குக் காகிதம் வேண்டாம். தென்னை ஈர்க்கைச் சீவி எடுங்கள். பசையைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு வைத்தால் போதும், அதிகமானால் தாள் ஊறிவிடும்.

செய்து முடித்ததும் மகனிடம் ஒரு அளவுநாடாவைக் கொடுங்கள். 1903 டிசம்பர் 17 அன்று தம்பி ஓர்வில் முதலில் பறந்தது 12 வினாடி, 120 அடி. இந்த அளவில் 76 சென்டிமீட்டர். எங்கள் மேசையின் நீளம்கூட இல்லை. அன்றைய நான்காவது பறப்பில் அண்ணன் வில்பர் 852 அடி போனார். அதை அளக்க மகள் நாடாவைப் பிடித்துக்கொண்டு மேசையிலிருந்து கூடத்தைத் தாண்டி பல்கனி வரை நடந்தாள்.