ஆட்டுக்குச் சலம் குறைந்தால் யூரியா கொடுக்கலாமா?

கேள்வி: புன்னாலைக்கட்டுவனில் ஏழு ஜமுனாபாரி ஆடுகள் வளர்க்கிறேன். ஆடி மாதத்திலிருந்து வைக்கோலும் பனையோலையும்தான் தீனி. காலையில் ஒருதரம் தண்ணீர் வைப்பேன். சலம் கொஞ்சமாக, கடும் மஞ்சளாகப் போகிறது. உடம்பில் யூரியா குறைந்துவிட்டது, தண்ணீரில் கரைத்துக் கொடு என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். கொடுக்கலாமா, டொக்டர்?

பதில்: வேண்டாம் ஐயா, ஒரு கரண்டிகூட வேண்டாம். கரைத்த யூரியாவை ஆடு குடித்தால் முன்வயிற்றில் ஒரேயடியாக அமோனியா கிளம்பும். வயிறு ஊதி, உடல் நடுங்கி, சில மணி நேரத்திலேயே செத்துவிடும்.

உங்கள் ஆட்டுக்குக் குறைந்தது தண்ணீர். உடம்பில் நீர் வற்றியதும் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரசின் என்ற ஹோர்மோனை இரத்தத்தில் விடும். சிறுநீரகத்தில் சலம் வெளியேறுமுன் கடைசியாகக் கடக்கும் குழாய்களில், தண்ணீருக்கு ஒன்றும், தீனிப் புரதத்தின் கழிவாக உடம்பிலேயே உண்டாகும் யூரியாவுக்கு ஒன்றுமாக நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. இந்த ஹோர்மோன் இரண்டையும் திறந்துவிடும். யூரியா சிறுநீரகத்தின் உள்பகுதியில் போய்ச் சேர்ந்து, அங்கே உப்போடு சேர்ந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சலம் சுண்டி மஞ்சளாகிறது. ஆடு வயிறாரக் குடித்தால் ஹோர்மோன் இறங்கும், சலமும் தெளியும்.

அசைபோடும் பிராணிகளிடம் இன்னொரு சாமர்த்தியம் உண்டு. தீனியில் புரதம் குறைந்தால் சலத்தோடு போகும் யூரியாவும் குறையும். மிஞ்சியது உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் முன்வயிற்றுக்குத் திரும்பும். அங்குள்ள நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் செய்யும், ஆடு அதைச் செரித்துக்கொள்ளும். வெறும் வைக்கோலில் உங்கள் ஆடுகள் இவ்வளவு நாள் தாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கொட்டிலுக்குள் நிழலில் நாள் முழுக்கத் தண்ணீர் இருக்கட்டும். கோடையில் உங்கள் கிணறு உவர்த்தால் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள். உப்பை வெளியேற்றவே சிறுநீரகம் தண்ணீரைச் செலவழிக்கும். வைக்கோலோடு சீமைக்கிளுவைக் குழையும் ஒரு கைப்பிடி தேங்காய்ப் புண்ணாக்கும் கொடுங்கள். யூரியா ஊட்டிய வைக்கோல் வேறு விஷயம். நூறு கிலோவுக்கு 4 கிலோ யூரியா என்று அளந்து, காற்றுப் புகாமல் இரண்டு மூன்று கிழமை மூடிவைத்துப் பதப்படுத்துவது அது. குட்டிகளுக்கு அதுவும் ஆகாது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நலமடித்த கிடாய் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சலம் விட்டால் அது தண்ணீர்க் குறை இல்லை, கல் அடைத்திருக்கலாம். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.