கைதான வீரர் எப்படி மறுபடி ஆடுகிறார்?

தம்பி, ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க வந்து சேர்ந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பல்கலைக்கழக ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம்) வீரர் ஒருவர் ஒரு பெண்ணை அடித்ததாகக் கைதானார், கோச் "காலவரையின்றி சஸ்பெண்ட்" என்று அறிவித்தார், சில வாரத்திலேயே அந்த ஆள் மைதானத்தில் ஓடுகிறார், ஊரே கைதட்டுகிறது. உங்கள் அறைத்தோழரோ கடையில் பில் போடாமல் ஏதோ எடுத்து வந்து மாட்டிக்கொண்டு, விசா போய்விடுமோ என்று சாப்பிடாமல் கிடக்கிறார். இது என்ன நியாயம், இந்த ஊரில் சட்டம் எத்தனை என்று கேட்டிருக்கிறீர்கள். தென்மாநிலங்களில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன், பக்கத்து வீடு, ஆபீஸ் எல்லாம் ஃபுட்பால் பைத்தியம், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வீரர் மேல் புகார் வந்தால் மூன்று இடத்தில் மூன்று தனித்தனி விசாரணை நடக்கும். கோர்ட், பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒழுங்கு அலுவலகம், அப்புறம் கோச். கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும். பல்கலைக்கழக விசாரணையில் பெரும்பாலும் "நடந்திருக்க வாய்ப்பு அதிகம்" என்று தெரிந்தாலே போதும், ஆனால் அங்கே ஜெயில் கிடையாது, அதிகபட்சம் படிப்பிலிருந்து நீக்குவார்கள். கோச் விஷயம் வேறு. அவருக்குச் சாட்சியும் வேண்டாம், காரணமும் வேண்டாம், ஒரு ஆளை உட்கார வைக்கலாம், திரும்ப எழுப்பலாம். "காலவரையின்றி" என்று அவர் சொன்னால் ஆயுளுக்கும் என்று நாம் நினைக்கிறோம். நான் தேதி சொல்ல மாட்டேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆட்டம் நடக்கும் அடுத்த சனிக்கிழமையும் அதற்குள் அடக்கம்.

இதற்கெல்லாம் மேலே என்.சி.ஏ.ஏ. என்று கல்லூரி விளையாட்டுகளுக்கு ஒரு தேசிய அமைப்பு இருக்கிறதே, அவர்கள் கேட்க மாட்டார்களா என்றால், குற்ற வழக்கில் இத்தனை ஆட்டம் தடை என்று அவர்களிடம் பொதுவான விதி கிடையாது, பல்கலைக்கழகமும் கான்ஃபரன்ஸும் (சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஆட்டக் கூட்டமைப்பு) பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் 2010-ல் ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர் ஏ.ஜே. கிரீன் தன் ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றார் என்று நான்கு ஆட்டம் தடை போட்டார்கள். தன் சட்டையை விற்றதற்கு! பெண்ணைக் குத்தினால் எத்தனை ஆட்டம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

குத்தியது என்று சும்மா சொல்லவில்லை. 2014 ஜூலையில் ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் ஒரு உணவுக் கடையில் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியின் ஜோ மிக்ஸன் என்ற புது வீரர் ஒரு மாணவியின் முகத்தில் குத்தினார், முக எலும்புகள் உடைந்தன. கோர்ட்டில் "குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் உங்களிடம் இருக்கும் ஆதாரம் தண்டிக்கப் போதும்" என்கிற மாதிரியான ஒரு வாக்குமூலம், தண்டனை ஒத்திவைப்பு, 100 மணி நேரச் சமூக சேவை, கவுன்சிலிங். அணி ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்தது, அடுத்த வருஷம் திரும்ப எடுத்துக்கொண்டது. 2016 டிசம்பரில் அந்தக் கடை கேமராவின் வீடியோ வெளியே வந்ததும் நாடே கொதித்தது, கோச் பாப் ஸ்டூப்ஸ் இப்போது என்றால் அணியை விட்டே நீக்கியிருப்போம் என்றார். அடித்தது அதே அடிதான், 2014-லேயே பல்கலைக்கழகத்துக்கும் தெரிந்த விஷயம்தான். மக்கள் கண்ணால் பார்த்தது மட்டும்தான் புதிது. 2017-ல் அவரை சின்சினாட்டியின் தொழில்முறை அணி எடுத்துக்கொண்டது.

இதைவிட மோசமானது டெக்சாஸின் வேக்கோ நகரில் இருக்கும் பேய்லர் பல்கலைக்கழகம். நான் சொன்ன மூன்று இடத்தில் ஒன்று மற்ற இரண்டை விழுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் சாட்சி. பல வருஷம் தோற்றுக்கொண்டே இருந்த அணி, ஆர்ட் பிரைல்ஸ் கோச்சாக வந்து ஜெயிக்க ஆரம்பித்தது, ஆற்றங்கரையில் புது ஸ்டேடியமே எழுந்தது. அந்த நேரத்தில்தான் பெண்கள் ஒவ்வொருவராகப் புகாரோடு போய்க்கொண்டிருந்தார்கள். டெவின் எலியட் என்ற வீரருக்கு 2014 ஜனவரியில் பாலியல் வன்கொடுமை வழக்கில் 20 வருஷம் சிறை விழுந்தது, அதற்கு அப்புறமும் பல்கலைக்கழகம் விழிக்கவில்லை. கடைசியில் வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தபோது, ஃபுட்பால் ஆட்கள் சில புகார்களைத் தாங்களே கையில் எடுத்து, புகார் கொடுத்தவர்களிடம் தாங்களே பேசி, மேலே சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டது தெரிந்தது. 2016 மே மாதம் பிரைல்ஸ் வேலை போயிற்று, பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டாரும் அந்தப் பதவியை இழந்தார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தைரியம் சேர்த்துக்கொண்டு போய்ச் சொல்கிறாள், கேட்கிறவருக்கு அந்தப் பையன் சனிக்கிழமை ஆட வேண்டும். அவள் அதே வளாகத்தில்தான் வகுப்புக்கு நடக்க வேண்டும், அவன் படம் போட்ட பேனருக்குக் கீழேதான் பஸ் ஏற வேண்டும்.

சரி, அப்படியானால் கைதான அன்றே எல்லோரையும் துரத்திவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் முன்பு அப்படித்தான் பேசுவேன், இப்போது அவ்வளவு எளிதாகச் சொல்ல வாய் வருவதில்லை. பிரையன் பேங்க்ஸ் என்று ஒரு பையன், கலிஃபோர்னியாவில் பள்ளி மாணவனாக இருக்கும்போது பொய்ப் புகாரில் மாட்டி ஐந்து வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார், 2012-ல்தான் நிரபராதி என்று கோர்ட் விடுவித்தது. ஃபுட்பால் இல்லை, பாஸ்கெட்பால்தான், ஆனாலும் இல்லினாய் பல்கலைக்கழக வீரர் டெரன்ஸ் ஷானன் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பரில் பாலியல் வழக்கு பதிவானதும் பல்கலைக்கழகம் சஸ்பெண்ட் செய்தது, அவர் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய், சரியான விசாரணை இல்லாமல் என்னை உட்கார வைத்துவிட்டார்கள் என்று தடை உத்தரவு வாங்கி ஜனவரியிலேயே ஆடினார். 2024 ஜூனில் ஜூரி அவரை விடுவித்தது. அதனால் கைது வேறு, குற்றம் வேறு. எனக்குக் கோபம் வருவது அவர்கள் திரும்ப ஆடுவதால் மட்டும் இல்லை, அதை முடிவு செய்கிற ஆளின் சம்பளமே அந்த ஆட்டத்தின் வெற்றியில் தொங்குவதால்தான். பல மாநிலங்களில் அரசு சம்பளம் வாங்குகிறவர்களிலேயே அதிகம் வாங்குவது ஃபுட்பால் கோச்தான். அவரை நீதிபதி ஸ்தானத்தில் உட்கார வைக்கலாமா?

ஓரளவு ஒழுங்காக நடந்த கேஸ் ஒன்றும் உண்டு. 2022 அக்டோபர் 29, மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்து சுரங்கப் பாதையில் போகும்போது மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்கள் எதிரணிக்காரர் இருவரை அடித்தார்கள், ஒருவர் ஹெல்மெட்டாலேயே அடித்தார். மறுநாளே நாலு பேர், அப்புறம் இன்னும் நாலு பேர் சஸ்பெண்ட். ஏழு பேர் மேல் வழக்கு, பிக் டென் கான்ஃபரன்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் அபராதம் போட்டு, ஹெல்மெட்டால் அடித்தவருக்கு அடுத்த சீசனில் எட்டு ஆட்டம் தடையும் கொடுத்தது. வீடியோ இருந்தது, அடி வாங்கினதும் ஃபுட்பால் வீரர்தான். அதனால்தான் அவ்வளவு வேகம் என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் அறைத்தோழர் விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். 2014-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் நட்சத்திரம் ஜேமிஸ் வின்ஸ்டன் ஒரு கடையில் 32 டாலர் சொச்சத்துக்கு நண்டுக் கால் எடுத்துக்கொண்டு காசு கொடுக்காமல் வெளியே வந்தார். கைதில்லை, கோர்ட் இல்லை, 20 மணி நேரச் சமூக சேவை, அது முடியும்வரை அவர் ஆடிவந்த பேஸ்பால் அணியிலிருந்தும் சஸ்பெண்ட், அத்தோடு சரி. அந்த மாதிரி சமரசத்தை நம்பி நம் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. தெரிந்த பையன் ஒருவனுக்குத் துணையாக இங்கே கவுண்டி கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன். காலையில் மரப் பெஞ்சு நிறைய ஆட்கள், அரசு வழக்கறிஞர் கையில் கட்டு ஃபைல், வராந்தாவில் ஆளுக்கு ரெண்டு நிமிஷம். "ஒப்புக்கொள், அபராதம் கட்டு, ஒரு வருஷம் ஒழுங்காக இரு, கேஸ் தள்ளுபடி ஆகிவிடும்" என்றார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! திருநெல்வேலியிலிருந்து அப்பா போனில் "கட்டிட்டு வந்துருப்பா" என்கிறார். நல்லவேளை, அவனுக்கு வைத்திருந்த லாயர் வாய்தா கேட்டார்.

ஏனென்றால் குடியேற்றச் சட்டத்தின் கணக்கு வேறு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அல்லது "எதிர்க்கவில்லை" என்று சொல்லி, நீதிபதி ஏதாவது தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால், மாநில கோர்ட் பின்னால் தள்ளுபடி செய்தாலும் அங்கே அது தண்டனைத் தீர்ப்பாகவே நிற்கும். மிக்ஸனைக் காப்பாற்றின ஏற்பாடு எஃப்-1 என்கிற மாணவர் விசாக்காரரைக் கவிழ்த்துவிடலாம். அதிலும் திருட்டு, சின்னத் தொகையாக இருந்தாலும், விசா விஷயத்தில் கெட்ட பெயர் கொண்ட குற்றம். 2025 வசந்த காலத்தில் சின்னச் சின்னப் போலீஸ் பதிவுகளுக்காகவே நிறைய வெளிநாட்டு மாணவர்களின் குடியேற்றத் துறைப் பதிவை ரத்து செய்தார்கள், பலர் கோர்ட்டுக்குப் போன அப்புறம்தான் திரும்பக் கிடைத்தது.

அதனால் அவரிடம் சொல்லுங்கள், கோர்ட் தேதியைத் தவற விடவே கூடாது, லாயர் இல்லாமல் எதிலும் கையெழுத்து போடக் கூடாது, போலீஸோ கடைக்காரரோ கூப்பிட்டால் லாயர் வந்தபின் பேசுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். 2010-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படில்லா வழக்கில், குற்ற வழக்கு லாயர் தன் கட்சிக்காரருக்கு நாடு கடத்தல் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே முதல் சந்திப்பிலேயே "நான் எஃப்-1, இதை ஒப்புக்கொண்டால் என் விசாவுக்கு என்ன ஆகும், எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்கட்டும், அவருக்குத் தெரியாவிட்டால் குடியேற்ற லாயரையும் சேர்த்துக்கொள்ளட்டும். நிறைய பல்கலைக்கழகங்களில் நீங்கள் கட்டும் ஃபீஸிலேயே மாணவர் சட்ட உதவி அடக்கம், முதல் ஆலோசனைக்குக் காசு கேட்க மாட்டார்கள். பல்கலைக்கழக ஒழுங்கு அலுவலகத்திலிருந்து தனியாக மெயில் வந்தால் அதையும் லாயரிடம் காட்டிவிட்டுத்தான் பதில் போட வேண்டும், அங்கே சொல்வது கோர்ட்டில் வந்து நிற்கலாம். ஊருக்குப் போய்வர டிக்கெட் எடுத்திருந்தால் கேஸ் முடியும்வரை தள்ளிப் போடச் சொல்லுங்கள், வெளியே போனால் திரும்பி வருவதில்தான் சிக்கல்.