வாசகர் கேள்வி – பதில் (2024-25 சீசன் தொடங்கும் முன்): நீலச் சட்டைக்காரர்களிடம் இந்த முறை என்ன கேட்கலாம்?

கேள்வி: கடந்த சீசனில் நம் கால்பந்து அணி பெங்களூரு எஃப்.சி. 12 அணிகளில் 10-ஆவது இடத்துக்கு இறங்கிவிட்டது. 2024-25 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கப்போகிறது, கண்டீரவா அரங்கத்துக்கு அழைத்துப் போகும்படி என் ஒன்பது வயது மகன் தினமும் நச்சரிக்கிறான். எதை எதிர்பார்த்து வரும்படி அவனிடம் சொல்வது?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: கோப்பையை அல்ல, முதல் ஆறு இடங்களுக்குள் வருவதை எதிர்பார்க்கச் சொல்லுங்கள். இந்த முறை 13 அணிகள் ஆடுகின்றன. முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போகும், அடுத்த நான்கு அணிகள் மீதி இரண்டு அரையிறுதி இடங்களுக்காகப் பிளே-ஆஃபில் மோதும். 22 ஆட்டங்களில் ஐந்தே வெற்றிகளுடன் கரை ஒதுங்கிய ஓர் அணிக்கு ஆறாம் இடம் நியாயமான இலக்குதான்.

2023 டிசம்பரில் மும்பை சிட்டியிடம் சொந்த மண்ணிலேயே 0-4 என்று தோற்ற இரவில் நான் மேற்குப் பகுதி இருக்கைகளில் இருந்தேன். கடைசி விசில் ஊதிய பிறகும் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன், கழுத்தில் சுற்றிய நீலத் துண்டை எடுக்காமல், ஓடுதளத்தைத் தாண்டி வீரர்கள் நம் பக்கம் வருவார்களா என்று இருக்கையின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் மகனைப் பற்றிப் படித்ததும் அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தத் தோல்வியோடு பயிற்சியாளர் சைமன் கிரேசனின் காலம் முடிந்தது. ஜெரார்ட் சராகோசா பொறுப்பேற்றார். பாதி சீசனில் வந்தவருக்கு, பிறர் சேர்த்து வைத்த வீரர்களைக் கொண்டுதான் சமாளிக்க முடிந்தது. தம் விருப்பப்படி அணியை அமைத்து, முழுமையான முன்பயிற்சியும் தந்து அவர் களமிறங்கும் முதல் சீசன் இதுதான். 2018-19-இல் நாம் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றது எப்படி என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்: முந்தைய பயிற்சியாளர் ஆல்பர்ட் ரோகாவின் உதவியாளராக இருந்த கார்லஸ் குவாத்ராத் பொறுப்புக்கு வந்தபோது அணியின் ஆட்டமுறை கலைக்கப்படவில்லை, வீரர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள், அந்த ஒட்டுறவுதான் கோவாவுக்கு எதிரான இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனபோதும் அணியைத் தாங்கியது. அன்று குவாத்ராத்துக்கு உதவியாளராக இருந்தவர்தான் சராகோசா. ஆகவே முதல் மூன்று ஆட்டங்களைப் பார்த்துவிட்டு அவரை மாற்றச் சொல்லிக் குரல் கொடுப்பது அணிக்கு நாமே செய்யும் கேடு. பத்து ஆட்டங்களாவது பொறுப்போம்.

பொறுமை நமக்குப் பழக்கமில்லை என்பதும் உண்மை. 2013-இல் பிறந்த அணி முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டத்தை வென்றது, 2016-இல் ஆசிய கிளப் அணிகள் மோதும் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய அணியும் அதுவே. அந்த வெற்றிகளைக் கண்டு வளர்ந்த ரசிகர்களுக்குப் பத்தாம் இடம் வலிக்கத்தான் செய்யும்.

கேள்வி: மும்பை சிட்டியிலிருந்து நம் அணிக்கு வந்திருக்கும் மூவரும் முப்பதைக் கடந்தவர்கள். இதுவா புதிய அணி?
– ஒரு வாசகர், சிவாஜிநகர்

பதில்: ராகுல் பேக்கே, நொகேரா, பெரேரா டயஸ் மூவரும் 2024 மே மாதம் மும்பைக்காக ஐ.எஸ்.எல். கோப்பை வென்று வந்தவர்கள். 2019 இறுதி ஆட்டத்தில் நமக்கு வெற்றி கோலை அடித்தவரே பேக்கே. தற்காப்பில் ஆள் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஒரு மூத்தவர் இல்லாமல்தான் போன முறை தவித்தோம்.

கேள்வி: நம் முன்கள வீரர் சுனில் சேத்ரிக்கு நாற்பது வயதாகிவிட்டது. இன்னும் அவரையே நம்பியிருக்கலாமா?
– ஒரு வாசகர், ஃப்ரேசர் டவுன்

பதில்: அவர் ஆட வேண்டும், அவரை மட்டும் நம்பி அணி ஆடக் கூடாது. 2024 ஜூன் 6-ஆம் தேதி கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஆடி, 94 கோல்களுடன் இந்திய அணியிலிருந்து விடைபெற்றவர், இப்போது முழு உடல்பலத்தையும் நமக்குத் தர முடியும். ஆனால் அவர் களத்தில் இருக்கும்வரை ஒவ்வொரு பந்தும் அவரைத் தேடியே போகும் பழக்கம் மாற வேண்டும். சிவகங்கை மாவட்டம் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணனை நினைத்துக்கொள்ளுங்கள்: 2022 டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் முதல் கோலை அடித்த பையன். பத்து நிமிடம் மீதமிருக்கையில் இறக்கிவிட்டுக் கோல் கேட்பதை விட்டு, தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து ஆறு ஆட்டங்கள் அவருக்குத் தரப்பட வேண்டும். இந்த சீசனில் என் தனிப்பட்ட ஆசை இதுதான்.

கேள்வி: நம் பகுதிப் பையன்கள் எப்போது இந்த நீலச் சட்டையை அணிவார்கள்?
– ஒரு வாசகர், கௌதமபுரம்

பதில்: பிரேசில் கால்பந்து வீரர் பேலேவுக்குச் சிலை வைத்த ஊர்க்காரர் கேட்கிறீர்கள், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சுதந்திர இந்தியா 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆடிய முதல் ஆட்டத்தில், பிரான்ஸுக்கு எதிராகக் கோல் அடித்த சாரங்கபாணி ராமன் இதே பெங்களூருக்காரர்தான். அணியை மீண்டும் கட்டுவது என்றால் வெளியிலிருந்து ஆள் வாங்குவது மட்டுமன்று. அணியின் தேர்வாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு உங்கள் மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்க வேண்டும். எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும், பையன்கள் கலைந்துவிடுவார்கள்.